நீர்நாயாரின் இடமாற்றம்

கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிப் பரீட்சையை வேலாயுதம் இரண்டு முறை எழுதினான். மற்றவர்கள் ஒரு முறைதான் எழுதினார்கள், தேறியதும் நிறுத்திக்கொண்டார்கள். தன் தம்பி மற்றவர்களைவிட ஒரு மடங்கு கூடுதலாகப் படித்தவன் என்பது தெரியாத ஆள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒருவரும் இல்லாதபடி அவன் அக்காள் சீதாலெட்சுமி பார்த்துக்கொண்டாள்.

சீதாலெட்சுமி படித்தது கிள்ளான் மிஷன் பள்ளியில் மூன்று வருஷம் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தையும் சேர்த்துத்தான் சொல்வாள். அவளுடைய கையெழுத்து அச்சுப்போல இருக்கும். வண்ணானுக்குப் போடும் துணிப் பட்டியலில்கூட எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்கும். பத்திரிகையை எடுத்தால் அச்சிட்டவர் விலாசம் வரை படித்துவிட்டுத்தான் மடிப்பாள். கணவன் கன்னையா இரயிலில் ஃபயர்மேன். ஒருநாள் வண்டியில், ஒருநாள் வீட்டில். கரி படிந்து வருகிற மனிதன் தொட்டித் தண்ணீர் முழுவதையும் தலையில் ஊற்றிக்கொண்டு, மீசை நுனியில் நீர் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடிக்கும்வரை எந்த விஷயமும் பேசமாட்டார். “சாப்ட்டுட்டுப் பேசுவமே சீதா. அதுக்குள்ள பாதிச் சண்டை ஆறிப்போயிரும்” என்பார். பெரும்பாலும் முழுச் சண்டையும் ஆறிவிடும்.

வேலாயுதம் அவர்களோடு ஸ்காட் ரோட்டுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில் இருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் அவனுக்கு இருபத்தெட்டு வயது. ரப்பர் ஏற்றுமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், ஊரில் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்த வருஷம் அது. கம்பெனித் துரையே சீமைக்குத் திரும்பினார். துரைசாணி பெட்டி கட்டும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களைக் கிராணிமார்களுக்குக் கொடுத்தார். பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர் சிவசம்புவுக்குச் சுவர்க் கடிகாரம் கிடைத்தது. வேலாயுதத்துக்குக் கிடைத்தது ஒரு புத்தகம்: சிவப்பு அட்டை, மேலே பொன்னெழுத்து, உள்ளே துரைசாணியின் மகன் பென்சிலால் கிறுக்கிய பெயர்.

குழந்தைகளுக்கான கதைப் புத்தகம்தான். ஒரு பழைய மாவு ஆலையின் கீழே, ஓடைக்கரையில், நான்கு சிநேகிதர்கள் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள்: ஒரு ஆண் வாத்து, ஒரு நீர்நாய், ஒரு முள்ளெலி, ஒரு கோழி. வாத்துக்குப் பறக்கத் தெரியாது. ஆனால் தூரதேசமெல்லாம் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்ளும். குளிர்காலத்தில் தெற்கே போகிற காட்டு வாத்துக் கூட்டம் அதை நம்பி, “நீங்களே எங்களுக்கு வழிகாட்டுங்கள்” என்று கேட்டுவிடுகிறது. அதிலிருந்து வரும் வம்புகளும், சிநேகிதர்கள் வாத்தைக் காப்பாற்றுவதும்தான் மொத்தக் கதை. சீமையில் வீட்டுக்கு வீடு இந்தப் புத்தகம் இருக்கும் என்று துரைசாணி சொன்னார்களாம்.

“அப்படின்னா தமிழ்ல வரவேண்டியதுதானே?” என்றாள் சீதாலெட்சுமி. “அதைச் செய்ய உன்னைவிட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?”

வேலாயுதம் யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் யாரும் தோன்றவில்லை.

பத்து ரோடு என்ற கடைத்தெருவில் ‘சுடர்மொழி’ என்ற வாரப் பத்திரிகையைப் பழனியப்பன் என்பவர் நடத்திவந்தார். விளம்பரம் கொடுத்த கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்ததால் இரண்டு பத்திகள் வாராவாரம் வெறுமையாய்க் கிடந்தன. “வாத்தோ, வாளைமீனோ, எழுதிக் கொண்டாங்க தம்பி” என்றார் அவர். மே மாதம் முதல் வியாழக்கிழமை கதை தொடங்கியது. தலைப்புக்குக் கீழே ‘மொழிபெயர்ப்பு: பி. வேலாயுதம், பிரிக்பீல்ட்ஸ்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. சீதாலெட்சுமி ஆறு பிரதிகள் வாங்கினாள்.

மொழிபெயர்ப்பு நடந்த முறை இது. வேலாயுதம் ஆப்பீஸ் விட்டு வந்து, கோப்பி குடித்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்து, புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கம்பெனியின் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவான். தெரியாத சொல் வந்தால் அதை மரியாதையாகத் தாண்டிப் போவான். அப்படிப்பட்ட சொற்கள் கூட்டமாக வந்தால் பக்கத்தையே தாண்டுவான். அவன் எழுத்தைப் பழனியப்பனின் அச்சுக் கோப்பவரால் படிக்க முடியாது என்பதால், மறுநாள் மத்தியானம் சமையலை முடித்துவிட்டு, சீதாலெட்சுமி அதை மையால் நல்ல படி எடுப்பாள்.

முதல் நாளே அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. தம்பி எழுதியிருந்தது இவ்வளவுதான்:

‘வாத்து வெளியே வந்தது. நீர்நாய் எங்கே என்றது. வாத்து சொன்னது. நீர்நாய் வேண்டாம் என்றது. வாத்து போயிற்று.’

“தம்பி, எந்த வேளையில வெளிய வந்துச்சு? காலையிலயா, சாயங்காலமா?”

“போடலைக்கா.”

“என்ன உடுத்தியிருந்துச்சு?”

“வாத்துக்கா, அது.”

“படத்துல தொப்பி போட்டிருக்கே! தொப்பி போட்டவன் வேற ஒண்ணும் உடுத்தாமலா வெளிய வருவான்?”

“அதெல்லாம் புத்தகத்துல இல்லக்கா” என்றான் வேலாயுதம். அவன் படித்த அளவில் அது உண்மை.

சீதாலெட்சுமி இதை நன்றாக ஆலோசித்தாள். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர் தன் ஊர்க்காரர்களுக்காக எழுதினார்; அவர்களுக்கு வாத்து எப்படி நடக்கும், நீர்நாய் எப்படிச் சாப்பிடும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும்; ஆகையால் விட்டுவிட்டார். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? விட்டதை நிரப்புவது நல்ல படி எடுப்பவரின் கடமை. துணியில் பொத்தான் விட்டுப்போயிருந்தால் தைத்துக் கொடுப்பதில்லையா? அப்படி.

ஆனால் அவளும் நீர்நாயை நேரில் பார்த்ததில்லை. புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். நீர்நாய் தண்ணீரிலிருந்து ஏறி மீசை சொட்டச் சொட்ட நின்றது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ‘நீர்நாயார் தொட்டி நீர் தீரும்வரை நீராடி, சாப்பாட்டின் முன் அமர்ந்து, “முதலில் சாப்பிடுவோம், அதற்குள் பாதிச் சண்டை ஆறிவிடும்” என்றார்’ என்று எழுதினாள். வாத்தின் படத்தில் அது கழுத்தை நீட்டி, மார்பை முன்னே தள்ளி, யாரையும் பார்க்காமல் நடந்தது. தினமும் காலை ஏழே முக்காலுக்கு அதேபோல நடந்து ஆப்பீஸ் போகிற ஒருவரை அவள் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுண்டு. ‘வாத்தார் குடையை வெயிலிலும் விரிப்பதில்லை, மழையிலும் விரிப்பதில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேசுமுன் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார்’ என்று எழுதினாள். அது பெரிய கிராணி சிவசம்பு என்பது அவள் மனத்தில் ஓடவில்லை. வாத்து என்றால் இப்படித்தான் நடக்கும் என்றுதான் ஓடியது.

அச்சில் வந்ததை வேலாயுதம் வாராவாரம் படித்தான். தலைப்பையும், தன் பெயரையும், முதல் இரண்டு வரியையும் படித்துவிட்டு, “நல்லா வந்திருக்கு” என்பான்.

நல்லாத்தான் வந்தது. ஐந்தாவது வாரத்துக்குள் ‘சுடர்மொழி’யைக் கோப்பிக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். முப்பது வயதை எட்டப்போகிற ஒரு கிராணி, வேலை வெட்டியை விட்டு, வாத்தைப் பற்றி வாத்துக்காகவே எழுதுவான் என்று நம்ப அவர்களில் ஒருவரும் தயாராக இல்லை. யாரை எழுதுகிறான் என்பதுதான் கேள்வி. குடை வந்த வாரம் அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் எல்லோரும் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசினார்கள்.

அடுத்த வாரம் கோழி வந்தது. வெள்ளிக்கிழமை காலை தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, இராஜம்மா சீதாலெட்சுமியின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். நாலு வீடு தள்ளியிருப்பவள். கொடியில் காயும் துணியைப் பார்த்தே எந்த வீட்டில் விருந்தாளி என்று சொல்லிவிடுவாள்.

“ஏன்க்கா, அந்தக் கோழி நான்தானே?”

“எந்தக் கோழி, இராஜம்மா?”

“அதான், அடுத்தவன் கொடியில தொங்குற துணிய எண்ணுற கோழி! எம்மவன் படிச்சுக் காட்டினான். நான் எப்பக்கா எண்ணுனேன்?”

“சீமைக் கோழிம்மா அது. வெள்ளைக்காரன் எழுதினது.”

“சீமைக் கோழி கைலி எண்ணுமா? ‘மூணு கைலி, ஒரு பனியன்’னு போட்டிருக்கே. போன செவ்வாக்கிழமை உங்க கொடியில தொங்கினது மூணு கைலி ஒரு பனியன்தான். எனக்குத் தெரியாதா?”

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இராஜம்மா தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதை அப்போதுதான் உணர்ந்து, குடம் நிரம்புமுன்பே தூக்கிக்கொண்டு போனாள்.

பேச்சு வளர்ந்ததும் பழனியப்பனுக்குப் பயம் வந்தது. ‘இக்கதையில் வரும் பிராணிகள் உயிருடன் உள்ள எவரையும் குறிப்பன அல்ல’ என்று கட்டம் கட்டிப் போட்டார். அதுவரை சந்தேகப்படாமல் இருந்த மூன்று நான்கு பேரும் அதைப் படித்த பிறகு சந்தேகப்படத் தொடங்கினார்கள். பத்திரிகை கூடுதலாக இருநூறு பிரதி போயிற்று.

இதற்கிடையில் வேலாயுதத்துக்குக் கல்யாணம் பேசியாயிற்று. பெண் புஷ்பவல்லி, கிள்ளானில் ஒரு கட்டட மேஸ்திரியின் மகள். மேஸ்திரிக்குக் கதையும் தெரியாது, கேம்பிரிட்ஜும் தெரியாது. மாப்பிள்ளை கோலாலம்பூரில் ஆப்பீஸ் வேலையில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். தன் மூத்த மகளை ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்து, அவள் இரண்டு வருஷம் மலேரியாவில் கிடந்த பிறகு, எலும்பும் தோலுமாகத் திரும்பக் கொண்டுவந்தவர். “மாப்பிள்ளைக்குத் தோட்டத்து வேலைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். செப்டம்பர் பதினொன்றில் முகூர்த்தம் குறித்தார்கள்.

பதினான்காவது வாரம். புத்தகத்தின் பதினான்காம் அதிகாரத்தில் நீர்நாய், காரணம் எதுவும் சொல்லாமல், ஓடையின் மேல்பக்கம் போய்விடுகிறது. அவ்வளவுதான், அதன் பிறகு அது கதையில் இல்லை. வேலாயுதம் அப்படியே எழுதினான். சீதாலெட்சுமிக்கு மனசே இல்லை; ஆனால் நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு என்று நினைத்துக்கொண்டு, நீர்நாயாருக்கு ஒரு வழிச்சாப்பாடு மட்டும் கட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தாள்.

வியாழக்கிழமை அது அச்சில் வந்தது. திங்கட்கிழமை வேலாயுதம் ஆப்பீஸிலிருந்து நேரத்தோடு வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

“மேருத் தோட்டத்துக்கு மாத்திட்டாங்கக்கா. செப்டம்பர் ஒண்ணாந்தேதி அங்க இருக்கணுமாம்.”

சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருந்த கன்னையா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார்.

“யாரு மாத்தினது?” என்றாள் சீதாலெட்சுமி.

“வேற யாரு? பெரிய கிராணியார்தான். புதுத் துரை அவரு நீட்டுன இடத்துல கையெழுத்துப் போடுறவரு. நான் போயி ஏன்யான்னு கேட்டேன். மேசையில சுடர்மொழி கிடந்துச்சுக்கா. சிவப்புப் பென்சில்ல கோடு கோடாப் போட்டிருந்தாரு. ‘அது உமக்கே தெரியும் காணும்’னாரு. எனக்கு என்னக்கா தெரியும்?”

“போகலேன்னா?”

“வேலைய விட்டு நிக்கலாம். இந்த வருஷம் நின்னா எவன் குடுப்பான் வேலை?”

கன்னையா கை கழுவிவிட்டு வந்தார். “மேஸ்திரிக்குத் தெரிஞ்சா மாப்ள, கல்யாணம் இல்ல” என்றார். “ஊரு பூரா சொல்றான், வாத்து அவருதான்னு. எதுக்குய்யா அவரு குடையப் போயி எழுதின?”

“குடையா? எந்தக் குடை?” என்றான் வேலாயுதம்.

சீதாலெட்சுமி உள்ளே போனாள். மறுநாள் மத்தியானம் தகரப் பெட்டியைத் திறந்தாள். தம்பியின் பென்சில் தாள்களை வாரவாரியாக நூல் கோத்து வைத்திருந்தாள். பத்திரிகைத் துண்டுகளை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, அச்சுப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி வைத்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனாள். தம்பியின் தாளில் எங்கும் குடை இல்லை. தொண்டைச் செருமல் இல்லை. கைலி இல்லை, பனியன் இல்லை. தானாகச் சேர்த்தவை எத்தனை இடம் என்று எண்ணினாள்: நாற்பத்தொன்று. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினாள். நாற்பத்துமூன்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கன்னையா வண்டியில் போயிருந்தார். அவள் ஒரு தட்டில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் எடுத்து வைத்தாள். தம்பி எழுதியதில் குடை இல்லை என்பதற்குச் சாட்சியாக அவனுடைய பென்சில் தாள் ஒன்றையும் மடித்து வெற்றிலையின் கீழே வைத்தாள். சிவசம்புவின் வீட்டுக்கு நடந்தாள். மேட்டுப்பக்கத்தில் ஓட்டுக்கூரை போட்ட வீடு. கூடத்தில் துரையின் கடிகாரம் தொங்கியது.

சிவசம்பு மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். சீதாலெட்சுமி தட்டை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்கோ, இருங்கோ. வேலாயுதத்தின்ர தமக்கையோ? என்ன விசயம்?”

“ஐயா, மன்னிக்கணும். தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. அந்தக் கதையில உங்களைப்பத்தி வந்ததெல்லாம்…”

“பொறுங்கோ.” கையை உயர்த்தினார். “எனக்கு விளங்காமல் விட்டிடும் எண்டு நினைச்சவரோ உங்கட தம்பி? ரெண்டாம் கிழமையே எனக்கு விளங்கிப்போச்சு.”

“ஐயா…”

“அந்த நீர்நாய் ஆர் எண்டு எனக்குத் தெரியாதோ?”

சீதாலெட்சுமி தட்டைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு நேரமும் குளிக்கும். ஆறுதலாய்ப் பேசும். ஆரோடையும் கோவிக்காது. இந்த ஆப்பீசிலை அப்பிடி எத்தினை பேர் இருக்கினம்?” உள்ளே திரும்பினார். “பூமணி! கோப்பி எண்டு சொல்லி எவ்வளவு நேரம்! காது கேக்கேல்லையோ?” மறுபடி இவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “‘முதலில் சாப்பிடுவோம்’ எண்டு சொல்லுற இடம். நான் எப்ப அதை அவருக்கு முன்னாலை சொன்னனோ தெரியேல்லை. ஆனால் என்ர பேச்சுத்தான் அது. அச்சொட்டாய் என்னைப் பிடிச்சுப்போட்டார்.”

“அப்ப… வாத்துங்கய்யா?” என்றாள்.

சிவசம்பு சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

“தம்புசாமிதான், வேற ஆர்? கிள்ளான் கிடங்கிலை இருக்கிறார் எல்லோ, அந்த ஆள். குடையைப் பாருங்கோவன். என்னைப் பாத்துத்தான் அவர் குடை வாங்கினவர். பிடிக்கத் தெரியாமல் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியிறார். உங்கட தம்பி அதையும் விடேல்லை. கெட்டிக்காரன்.”

அந்த நேரத்திலும் சிவசம்புவின் குடை கதவு மூலையில் புது மடிப்புக் கலையாமல் நின்றது.

“அப்படின்னா எதுக்குங்கய்யா தம்பியை மேருவுக்கு…”

சிவசம்புவின் முகம் மாறியது. மேசையிலிருந்து ‘சுடர்மொழி’யை எடுத்து அவள் முன் நீட்டினார். பதினான்காவது வாரம். கடைசிப் பத்தியின் கீழே சிவப்புக் கோடு தாளைக் கிழித்திருந்தது.

“பதின்மூண்டு கிழமை வடிவாய்க் கொண்டுவந்தார். பதினாலாவது கிழமை ஒரு காரணமும் சொல்லாமல் நீர்நாயைத் தூக்கி ஆத்துக்கு மேலை அனுப்பிப்போட்டார்! வாத்து இருக்கு. கோழி இருக்கு. அந்த முள்ளெலிகூட இருக்கு. நீர்நாய்க்கு மட்டும் ஒரு பொதி சோறு! ஏன்? நான் என்ன குறை வைச்சனான்? ஊர்ச்சனம் என்ன நினைக்கும், என்னை ஆரோ மாத்திப்போட்டினம் எண்டெல்லோ நினைக்கும்?” மூச்சு வாங்கினார். “அவர் என்னை மேலை அனுப்பினார். நான் அவரை மேருவுக்கு அனுப்பினன். அனுப்பினால் எப்பிடி இருக்கும் எண்டு அவரும் அறியட்டும்.”

கோப்பி வந்தது. சீதாலெட்சுமி அதை மெதுவாகக் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைக்குக் கீழே இருந்த பென்சில் தாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நீர்நாயார் ஒரு காரியமாத்தான் மேல போயிருக்காருங்கய்யா,” என்றாள். “திரும்பி வராம எப்படி? கதை இன்னும் முடியலையே.”

“வருவாரோ?” என்றார் சிவசம்பு. அந்த ஒரு சொல்லில் பெரிய கிராணி இல்லை.

“வருவாருங்க.”

வீட்டுக்கு வந்து வேலாயுதத்திடம் சொன்னாள். குடை விஷயத்தைச் சொல்லவில்லை. நீர்நாய் திரும்பவேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். அவன் பதறிப்போனான்.

“புத்தகத்துல திரும்பி வரலையேக்கா! கடைசி வரைக்கும் பார்த்துட்டேன். பதினாலாம் அதிகாரத்தோட சரி. மொழிபெயர்க்கிறவன் இஷ்டத்துக்கு எழுதலாமா? ஒரு நேர்மை வேணாமா?”

“நல்லாப் பாரு, தம்பி,” என்றாள் சீதாலெட்சுமி. “நீ தாண்டிப்போன பக்கத்துல இருக்கும்.”

வேலாயுதம் புத்தகத்தைப் புரட்டினான். எந்தெந்தப் பக்கங்களைத் தாண்டினோம் என்று அவனுக்கே நினைவில்லை. புத்தகத்தை மூடினான்.

“இருந்தாலும் இருக்கும்” என்றான் பிறகு.

ஆகஸ்ட் மாதக் கடைசிக்கு இரண்டு வியாழக்கிழமைகள்தான் இருந்தன. முதலாவதில் வரவேண்டிய பகுதி ஏற்கனவே அச்சுக் கோத்தாகிவிட்டது. சீதாலெட்சுமி செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறிப் பத்து ரோட்டுக்குப் போய், எட்டுப் பக்கத்தைப் பழனியப்பன் மேசைமேல் வைத்தாள்.

“கோத்ததை எடுத்துட்டு இதைப் போடணுமாம்ங்க. தம்பி குடுத்துவிட்டாரு.”

“என்னம்மா விளையாட்டா? கோத்த எழுத்தைப் பிரிக்கச் சொல்றீங்களே, கோக்கிற ஆளு அடிக்க வருவான்!” என்றார் பழனியப்பன். சொல்லிக்கொண்டே முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நீர்நாயார் மேல்கரையில் உடைந்துபோன அணையைப் பதினாறு நாளில் சீர்செய்து கொடுத்துவிட்டு, மேல்கரைவாசிகள் எவ்வளவோ கெஞ்சியும் தங்காமல், பழைய சிநேகிதர்களிடம் திரும்பி வருகிறார். வந்ததும், எல்லோரும் ஒரே சமயத்தில் பேச, அவர் கேட்பது சாப்பாடு ஆயிற்றா என்று.

“கதை முன்னைக்கு இப்ப நல்லாருக்கே,” என்றார். “புத்தகத்துலயே இப்படித்தானா?”

“தாண்டிப்போன பக்கம்ங்க.”

“ஒண்ணு சொல்றேன்மா. உங்க தம்பி கையெழுத்து இருக்கே, முத்து முத்தா இருக்கு. ஆம்பளைங்கள்ல நான் இப்படிப் பார்த்ததில்ல.”

“நன்றிங்க” என்றாள் சீதாலெட்சுமி.

வியாழக்கிழமை ‘சுடர்மொழி’ வெளிவந்தது. வெள்ளிக்கிழமை ஆப்பீஸில் ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமையும் நடக்கவில்லை. வேலாயுதத்தின் டிரங்குப் பெட்டி கட்டிவைத்தபடி கூடத்தில் கிடந்தது. சீதாலெட்சுமி அதைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினாள். பத்துமலை முருகனுக்கு ஒரு காவடி நேர்ந்துகொண்டாள். யார் எடுப்பது என்பதைக் கன்னையா வந்த பிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். திங்கட்கிழமை சாயங்காலம் தம்பி கையில் ஒரு தாளோடு வந்தான். மேருத் தோட்டத்துக்கு வேறு ஆள் நியமிக்கப்பட்டிருப்பதாகவும், திரு. பி. வேலாயுதத்தின் சேவை தலைமை அலுவலகத்துக்கு இன்றியமையாதது என்றும் அதில் எழுதியிருந்தது. புதுத் துரை கையெழுத்துப் போட்டிருந்தார்.

“இன்றியமையாததாம்க்கா,” என்றான் வேலாயுதம். தாளை அவளிடம் கொடுக்கக் கை வரவில்லை. “என்னோட எழுத்தோட மதிப்பு அவருக்கு இப்பதான் புரிஞ்சிருக்கு.”

“புரியாம இருக்குமா?” என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள். பெட்டியை அவிழ்த்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினாள்.

அவனுடைய புத்தகம் இருபத்தொரு அதிகாரத்தில் முடிகிறது. ‘சுடர்மொழி’யில் கதை முப்பத்தாறு அதிகாரம் ஓடியது. வேலாயுதம் கடைசி அதிகாரத்தை எழுதிக்கொடுத்த பிறகும் வாராவாரம் தன் பெயர் வருவதைப் பார்த்தான். அவ்வளவு பக்கங்களையா தாண்டினோம் என்று ஒருநாள் சாய்வு நாற்காலியில் கவலைப்பட்டான். பிறகு, கல்யாணமான புதிது, மறந்துவிட்டான்.

கல்யாணம் குறித்த தேதியில் கிள்ளானில் நடந்தது. சிவசம்பு புதுச் சால்வையோடு வந்திருந்தார். கிடங்கிலிருந்து தம்புசாமியும் வந்திருந்தார். இருவர் கக்கத்திலும் குடை. மணமக்களை வாழ்த்திப் பேசும்போது சிவசம்பு இரண்டு முறை செருமிவிட்டு, “நான் வழக்கமாய்ச் சொல்லுறது ஒண்டு இருக்கு: முதலிலை சாப்பிடுவம், அதுக்குள்ளை பாதிச் சண்டை ஆறிப்போம்” என்று சொல்லித் தம்புசாமி பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். பந்தல் முழுவதும் கைதட்டியது. தம்புசாமிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பந்தி முடிந்ததும் அவர் வேலாயுதத்தை வாழைமரத்துப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனார்.

“தம்பி, வெளிய சொல்லமாட்டேன். அந்த நீர்நாய் நான்தானே?”

வேலாயுதம் அக்காளைத் திரும்பிப் பார்த்தான். அக்காள் தலையை லேசாக அசைத்தாள்.

“ஆமாண்ணே” என்றான் வேலாயுதம்.

நோட்டுப் புத்தகம் முப்பத்தாறு வாரத்தோடு நிரம்பியது. கடைசித் துண்டை ஒட்டிக் காயவைத்திருந்த மத்தியானம், கன்னையா வண்டியிலிருந்து வந்தார். சாதம் வடியும்வரை கரிக்கையால் தொடாமல், குனிந்து நின்று இரண்டு பக்கம் படித்தார். இத்தனை நாளில் அவர் அதைப் படித்தது அதுதான் முதல் தடவை.

“நல்லாத்தான் எழுதியிருக்கான் உன் தம்பி,” என்றார். “ஆனா இந்த நீர்நாய்தான் எனக்கு நம்பிக்கைப்படல. எந்நேரமும் குளிக்குது, சாப்பிடுது. எதுக்கும் கோபமே வரமாட்டேங்குது. இப்படி ஒரு ஆள நம்ம பக்கத்துல எங்கயாச்சும் பார்த்திருக்கியா?”

சீதாலெட்சுமி பசை ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டாள்.

“சாப்ட்டுட்டுப் பேசுவமே” என்றாள்.

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு, அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.